காலிக் கோட்டை

சாப்பாட்டு நேரத்தில் போனில் விளையாடுவது எங்கள் கம்பெனியில் குற்றமில்லை. அந்த விதியை எழுதியதே நான்தான். பன்னிரண்டு மணி நேரம், ரெஜிஸ்டர்படி எட்டு மணி நேரம், மெஷினில் குனிந்து கிடப்பவர்கள் அரை மணி நேரம் எதையாவது தட்டிக்கொண்டிருந்தால் பனியன் ஒன்றும் குறைந்துவிடாது.

நானும் விளையாடினேன். எச்.ஆர். மேனேஜர் சரவணக்குமாருக்கு இது தேவையா என்று சிலர் சிரித்தார்கள். கோட்டை கட்டி, படை திரட்டி, கூட்டணி சேர்ந்து அடுத்தவன் கோட்டையைப் பிடிக்கும் விளையாட்டு. எங்கள் கூட்டணிக்கு 'நொய்யல் படை' என்று பேர். பதினெட்டுப் பேர். தலைவர் நான், தளபதி எங்கள் கட்டிங் மாஸ்டர் இசக்கிமுத்து. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர்.

இன்ஸ்பெக்டர் சார், எம்.பி.ஏ.வில் இரண்டு வருடம் உட்கார்ந்து படிக்காததை அந்த விளையாட்டு எனக்கு ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்தது. கூட்டணி என்று சேர்ந்துவிட்டால் போதும், யார் எதற்கு மயங்குவார், யார் எதற்குப் பயப்படுவார் என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பதவியே கேட்காமல் தலைவர் ஆகிவிடுகிற ஆட்களும் உண்டு. அவர்களை என்ன செய்வது என்றுதான் நான் நிறைய யோசித்தேன்.

எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டு பையர்கள் தொழிலாளர் கமிட்டி கேட்பார்கள். வருடாவருடம் நானே ஐந்து பேரை எழுதி, கூட்டம் நடந்ததாக மினிட்ஸும் எழுதிவிடுவேன். போன வருடம் அவர்கள் அனுப்பிய ஆடிட்டரம்மா ஓட்டுப் பெட்டி வைக்கச் சொல்லிவிட்டார். முந்நூற்றுப் பத்து ஓட்டில் இருநூற்று எழுபது இசக்கிமுத்துவுக்கு. அவர் பேரை எழுதத் தெரியாத ஒடிசாப் பெண்கள் கத்தரிக்கோல் படம் வரைந்து போட்டிருந்தார்கள்.

அதுகூட எனக்கு வருத்தமில்லை. வருத்தம் அதற்குப் பிறகு வந்தது. நான் எந்த ஃபைலைக் கொண்டுபோனாலும் முதலாளி கிட்டுசாமி ஒரே பேச்சுத்தான் பேசினார். “எதுக்கும் இசக்கிய ஒரு வார்த்தை கேட்டுக்க, கண்ணு.” ஹாஸ்டல் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்றாலும் கேட்டுக்க, கேன்டீன் சாம்பாருக்கும் கேட்டுக்க. நான் முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். எங்கள் ஊர் குண்டடத்தில் மேட்டுக்காட்டை விற்று வீட்டில் என்னைப் படிக்க வைத்தார்கள். அந்த நான், கட்டிங் டேபிளில் நிற்கிறவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தை பிறந்ததும் இசக்கிமுத்துவை ஃபேக்டரி மேனேஜர் ஆக்கப்போவதாக முதலாளி சொன்னார். எட்டு வருடமாக நான் காத்திருந்த நாற்காலி அது. ஆர்டரை டைப் பண்ணும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்.

விளையாட்டில் எதிரிக் கூட்டணியிலும் வேறு பேரில் எனக்கு ஓர் ஐடி இருந்தது. ஒரு நாள் மதியம் அதை வைத்து ஓவர்லாக் டெய்லர் நதியாவின் சின்னக் கோட்டையை அடித்தேன். “அண்ணாச்சி, என் கோட்டைய அடிக்கானுவ” என்று அவள் கேன்டீனில் கத்தினாள். இசக்கிமுத்து யோசிக்கவே இல்லை. காவலுக்கு ஒருத்தனைக்கூட நிறுத்தாமல் மொத்தப் படையையும் அவளைக் காப்பாற்ற அனுப்பினார். காலியாகக் கிடந்த அவர் கோட்டையை இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டேன். மாதக்கணக்கில் அவர் கட்டியது. பிடித்தது யார் என்று தெரியாமல் என்னிடமே சிரித்தார். “போவட்டும் சார். பிள்ளைய காப்பாத்தியாச்சுல்லா.”

வேறு ஆட்களை வைத்து இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தேன். இரண்டு தடவையும் அப்படியேதான் வந்தார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. உண்மையாகவே வந்தது.

டையிங் யூனிட்டுக்குப் பின்னால் சாயக் கழிவுத் தொட்டி இருக்கிறது. கந்தப்பன் என்பவர் அதையும் அதன் அடியில் இருக்கும் மோட்டாரையும் பார்த்துக்கொள்கிறார். உள்ளே விஷவாயு இருக்கும், இறங்கக்கூடாது என்று மூன்று மொழியில் போர்டு வைத்தது நான்தான். அவசரத்துக்கு இரண்டு சுவாசக் கருவி வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டி வைத்ததும் நான்தான். அலமாரிச் சாவி பக்கத்துச் சுவரில் கொக்கியில் தொங்கும்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை, மதியம் ஒன்றேகாலுக்குக் கந்தப்பனிடம் போனேன். “கந்தப்பண்ணா, மோட்டார் இழுக்க மாட்டீங்குதாமுங்க. மொதலாளி சத்தம் போடறாருங்க. என்னன்னு பாருங்க.” இறங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாளி பேரைச் சொன்னால் அவர் போர்டையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார் என்பது தெரியும், அவ்வளவுதான்.

அவர் தலை மறைந்து, கீழே விழுந்த சத்தம் கேட்டதும் கேன்டீனுக்கு நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் எல்லோரும் வந்துவிடுவார்கள். இசக்கிமுத்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குனிந்து அவர் காதில் மட்டும் சொன்னேன். “கந்தப்பண்ணன் தொட்டிக்குள்ள உழுந்துட்டாருங்க.” அவர் கைகூடக் கழுவவில்லை.

அலமாரியை இழுத்துப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். “சாவி எங்க சார்?” என்றார். “தேடிட்டு வர்றேனுங்க” என்று சொல்லி ஓடினேன். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அதற்குள் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கந்தப்பனைத் தோளில் போட்டு ஏணி வரைக்கும் கொண்டுவந்து மேலே தள்ளிவிட்டார். மேலே நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஏறி வரவில்லை.

கந்தப்பன் பிழைத்துக்கொண்டது எனக்குச் சந்தோஷம். அவருக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை.

தை மாதம் அந்த ஆர்டரில் பேரை மட்டும் மாற்றி நானே மறுபடி டைப் செய்தேன். காரியமெல்லாம் முடிந்து இசக்கிமுத்துவின் மனைவி செல்லத்தாய் ஆபீசுக்கு வந்தார். செக்கிங்கில் வேலை போட்டுக் கொடுத்தேன். “நீங்க நல்லா இருக்கணும் சார்” என்றார். “சாவிய தேடி அந்த ஓட்டம் ஓடுனது நீங்க ஒருத்தருதான்னு எல்லாரும் சொல்லுதாவ.” பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தேன். கஷ்டமாக இருந்தது சார். நான் கல் இல்லை.

இப்போது நீங்கள் கையெழுத்துக் கேட்கிற தாளைப் படித்துப் பார்த்தேன். பாதுகாப்பு அலமாரியின் சாவியை உரிய இடத்தில் வைக்கத் தவறிய எச்.ஆர். மேனேஜரின் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் போட்டால் சாயங்காலமே ஜாமீனில் போய்விடலாம் என்கிறார் வக்கீல். முதலாளியும் போனில் சொல்லிவிட்டார், “கையெழுத்தப் போட்டுட்டு ஊட்டுக்கு வந்துரு கண்ணு” என்று.

இதில் என்னால் போட முடியாது. சாவி எங்கேயும் தவறவில்லை. அன்று காலையிலேயே கொக்கியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் கேட்டபோது பைமேல் கை வைத்துக்கொண்டுதான் தேடிவிட்டு வருகிறேன் என்றேன். கொன்றேன் என்று எழுதிக் கொண்டுவாருங்கள், போடுகிறேன். எட்டு வருடத்தில் ஒரு ஆடிட் ரிப்போர்ட்டில்கூட என் பேருக்கு நேராகக் கவனக்குறைவு என்று யாரும் எழுதியதில்லை.