பதினோராம் மேசைக்கு ஒரு முக்காலி

தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் மின்விசிறிக்கு நேர்கீழே வீற்றிருக்கும் ஆலை மேலாளர் அவர்களே! அழைத்தவுடன் வந்த மருத்துவர் அம்மா அவர்களே! காலை எட்டு மணி முதல் நின்று, இந்த மாலையில்தான் முதன்முதலாக உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே, அக்காமார்களே, தங்கைமார்களே! உங்கள் பாதங்களுக்கு என் முதல் வணக்கம்!

பாதுகாப்பு நாள் கூட்டத்தில் எனக்குத் தந்த தலைப்பு 'இயந்திரப் பராமரிப்பு'. நான் மெக்கானிக். தலைப்பை விட்டு ஒரு நூல்கூட விலக மாட்டேன்.

தையல் இயந்திரத்தின் மோட்டார் சூடேறினால் என்ன ஆகும்? சிவப்பு விளக்கு எரியும். அப்புறம்? கட்டிங் பிரிவு அண்ணன் சொல்கிறார், "லைனே நிக்கும்பா!" நிற்கும் அண்ணே. ஓடி வருவார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், தூசி தட்டுவார்கள், ஆறும்வரை காத்திருப்பார்கள். "ஏ மோட்டாரே, நேத்து விருந்து சாப்பிட்டியா?" என்று எவராவது கேட்டதுண்டா?

என் மனைவியிடம் கேட்டார்கள்!

பதினோராம் மேசையில், தைத்து முடிந்து வரும் சட்டைகளில் குறை பார்க்கும் செக்கர் அவள். வயது முப்பத்தொன்று. ஒரு நாள் விடிந்தபோது வலது கால் கட்டைவிரல் செக்கச்செவேலென வீங்கியிருந்தது. போர்வை நுனி பட்டாலே துடித்தாள். 'கவுட்' என்றார் வைத்தியர். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, மூட்டுக்குள் ஊசி ஊசியாய்ப் படிகம் கட்டும் வாதம். "காலை உயர்த்தி வை, ஐஸ் ஒத்தடம் கொடு, தண்ணீர் நிறையக் குடி, இரத்தமும் சிறுநீரகமும் சோதித்துக்கொண்டு மறுவாரம் வா" என்றார்.

காலை உயர்த்தவா? நின்று பார்க்கும் மேசையில் எங்கே உயர்த்துவது? தண்ணீர் குடிக்கவா? கழிவறைக்கு ஒரு நாளைக்கு இரண்டே டோக்கன், யார் குடிப்பார்? சோதனைக்குப் போகவா? அரை நாள் வேண்டும். அந்த அரை நாளை யார் தருவார்?

சூப்பர்வைசரிடம் ஒரே ஒரு முக்காலி கேட்டாள். "ஏம்மா, இது ராஜாக்களுக்கு வர்ற நோயாச்சே! வீட்டுல தினம் விருந்தா? உனக்கு ஒண்ணு போட்டா, நாளைக்கு நாப்பது பேரும் சிம்மாசனம் கேப்பீங்க!" மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, "ஏங்க, நான் மகாராணியாம். கட்டிக்கிட்டவருக்குத்தான் தெரியாமப் போச்சு" என்றாள். நானும் சிரித்தேன்.

அந்த மேசையில் ஒரு பட்டன் டப்பா உண்டு. அதில் பட்டன் இருக்காது. வலி மாத்திரை இருக்கும். யாருக்கு வலித்தாலும் எடுக்கலாம், எடுத்தவர் பிறகு நிரப்ப வேண்டும். அன்பில் பிறந்த டப்பா! இஸ்திரி போடும் அக்கா நீட்டுவார்: "போடுடி ஒண்ணு, சாயங்காலம் வரைக்கும் நின்னுடலாம்." காலையில் ஒன்று, மதியம் ஒன்று, வீங்கிய நாளில் நான்கு. வலி போகும், நோய் போகாது. மறுபடி வீக்கம், மறுபடி டப்பா. இரண்டு ஆண்டுகள்! அவள் முறை வந்தபோதெல்லாம் அதை நிரப்பியது யார் தெரியுமா? இந்தக் கை! மோட்டாருக்கு எண்ணெய் விட்ட தேதியை ஒன்பது வருடமாகக் குறித்து வைக்கும் இந்தக் கை, அவள் விழுங்கிய மாத்திரையை ஒரு வரிகூடக் குறிக்கவில்லை!

கடைசியில் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: அவளுக்குச் சிறுநீரகம் முன்பே சோர்ந்திருந்ததாம். அந்த வயதில் அந்த நோய் வந்ததே அதனால்தானாம். சோர்ந்த சிறுநீரகத்தை வலி மாத்திரை சாய்த்துவிட்டது. கட்டைவிரல் சிவப்பு விளக்கு காட்டியது. நாங்கள் விளக்கை மட்டும் அணைத்தோம். விளக்கை அணைத்தால் பழுது போகும் என்று எந்த மெக்கானிக் நம்புவான்? நான் நம்பினேன்.

அவள் போய் நான்கு மாதம் ஆகிறது. அழாதீங்கக்கா. எனக்கே அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. அமிலத்தை அடக்கி வைக்கத் தினசரி மருந்து உண்டு. மருத்துவர் அம்மா தலையசைக்கிறார், பாருங்கள். சோதித்துத் தர அரை நாள் போதும். ஒரு ஆயுளுக்கு அரை நாள் கொடுக்க முடியாத ஆலையா இது?

இன்று காலை அதே மேசையருகே இஸ்திரி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலில் நின்றார். முகத்தை மூடாதீங்கக்கா. டப்பாவுக்குக் கை போனதையும் பார்த்தேன்.

மேலாளர் ஐயா ஏதோ சொல்கிறார். "எழுதிக் குடுங்க, பார்க்கலாம்"? மூன்று முறை எழுதிக் கொடுத்தாள் ஐயா. மூன்றையும் நீங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறீர்கள்!

இதோ, கழித்துப்போட்ட இயந்திரத்தின் காலில் நானே வெல்டிங் வைத்த முக்காலி. நாளை காலை எட்டு மணிக்கு இது பதினோராம் மேசையில் இருக்கும். அதில் அக்கா உட்காருவார். மதியம் மருத்துவர் அம்மாவிடம் போவார். தடுத்தால்? லைனில் எது சூடேறினாலும் மெயின் சுவிட்சை அணைக்க மெக்கானிக்குக்கு அதிகாரம் உண்டு. விதிப்புத்தகம், முதல் பக்கம். கையெழுத்து உங்களுடையது ஐயா! வீங்கிய காலைத் தொட்டுப் பாருங்கள், சூடாகத்தான் இருக்கும். அணைப்பேன்! ஆறும்வரை அணைத்தே வைப்பேன்!

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நன்றி. யாரும் எழுந்து கைதட்ட வேண்டாம். உட்கார்ந்தே இருங்கள், தாய்மார்களே. உட்கார்ந்தே இருங்கள். வணக்கம்!