புறநகர் என்பது எதுவரை?

திருவிழாக் குழுவின் தலைவராய் வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய இருதயநாதன் அவர்களே, ஆவூர்ச் சாலையின் முதுபெரும் சான்றோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஆர்வத்தோடு வந்தமர்ந்த அன்னையரே, ஐஸ் வண்டியைப் பார்த்தபடியே என்னையும் பார்க்கும் இளையோரே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

‘புறநகர்’ என்னும் சொல்லைப் பற்றிப் பேசப் பணித்தார்கள். நகரின் வெளிப்பக்கம் புறநகர். பொருள் முடிந்தது, பொல்லாப்பு இனிமேல்தான்! மனை விற்கிறவர், ‘பேருந்து நிலையத்திற்கு மிக அருகில்’ என்கிறார். அதே மனைக்குத் தண்ணீர் லாரி கேட்டால்? ‘அது புறநகருங்க, நாளைக்குப் பாப்போம்!’ வாங்கும்போது நகரம், வாழும்போது புறநகரமா? சிரிக்கிற அம்மா, உங்கள் வீட்டிற்கும் லாரி வரவில்லையோ?

1987 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை நான் இங்கே குடிவந்தேன். சனிக்கிழமை என்பார் என் துணைவியார், நம்பாதீர்கள். அன்று அரிசி ஆலையோடு ஊர் முடிந்தது. ஆலைக்கு அப்பால் இருந்த என் வீடு புறநகர்! பிறகு ஊர் ஆலையைத் தாண்டியது. பெட்ரோல் பங்கைத் தாண்டியது. வாய்க்கால் பாலத்தையும் தாண்டியது. தாண்டாதது எது? நம் அந்தோணியார் சப்பரம்! பாலம்வரை வரும், மக்கள் வீசும் உப்பையும் மிளகையும் ஏற்கும், திரும்பிவிடும். இந்த ஆண்டு அழைப்பிதழிலும், ‘புறநகர் மக்கள் பாலத்திற்கு வந்து வரவேற்கவும்’ என்றே அச்சிட்டிருக்கிறோம்.

அந்தச் சப்பரத்தை ஆண்டுதோறும் தோளில் சுமந்தவர் ஜெரால்டு. பாலத்திற்கு அப்பால் அவர் வீடு. கடந்த மார்ச் 3 அன்று இடுப்பெலும்பு முறிந்து, இன்றுவரை கட்டிலில் கிடக்கிறார். அவர் மனைவி சந்தனமேரியிடம் அழைப்பிதழை நீட்டினேன்.

‘ஏங்க சார், கட்டிலோட தூக்கிட்டு வரவா? கனக்குதுன்னு அவரு ஒருநாளும் சொன்னதில்ல. இன்னும் நாலு எட்டு வாரதுக்கு ஒங்களுக்குத்தான் காலு வலிக்குதாக்கும்?’ என்றார்.

அவையோரே! புறநகர் என்பது இடத்தைச் சொல்லும் சொல். மனிதரை வெளியே நிறுத்தும் சொல்லா? வரி கேட்பவர் வருகிறார், வாக்குக் கேட்பவர் வருகிறார். வரமருளும் அந்தோணியார் வரமாட்டாரா?

யாரது, ‘ரோடு குறுகலுங்க’ என்பது? வசந்த் தம்பியா? மணல் லாரி நுழையும் சாலையில் சப்பரம் நுழையாதா? ஜெரால்டு வாசலோடும் நிற்கக்கூடாது. நின்றால் அடுத்த வீடு புறநகர்! கடைசி வீடுவரை போகவேண்டும்!

தலைவர் தலையசைக்கிறார். பின்வரிசைக்குத் தெரியாது ஐயா, மைக்கில் சொல்லுங்கள்... கேட்டீர்களா? ‘கடைசி வீடு வரைக்கும் போயித்தான் திரும்புவோம்ங்க’ என்கிறார்!

சந்தனமேரி அம்மா, எழுந்து எங்கே ஓடுகிறீர்கள்? என்ன? ‘அவரு சட்டையத் தேய்க்கணும்ங்க!’

வழிவிடுங்கள் ஐயா, அம்மா போகட்டும். பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கு என் நன்றி. பாலத்திற்கு இப்பாலும் அப்பாலும் வாழும் அனைவருக்கும் வணக்கம்!