மேடம் கைச் சமையல்

— கத்தியை அப்படிப் பிடிச்சா வதங்கப்போறது வெங்காயம் இல்ல, உன் விரல்தான். இப்படிக் கொடு.

— வேண்டாங்க. நானே நறுக்கறேன். நீங்க வாயால சொல்லுங்க, போதும்.

— வாயால சொல்லித்தான் அரைமணி நேரம் ஆச்சு. வேர்ப்பக்கத்தை விட்டுட்டு நறுக்கு. கடைசி வரைக்கும் அதுதான் பிடி. அதை முதல்லயே வெட்டித் தள்ளிட்டா இதழ் இதழாக் கழண்டுதான் வரும்.

— இப்படியா?

— இன்னும் பொடியா. முப்பத்தி நாலு வருஷம் பொறந்தவன் செத்தவன் எல்லாரையும் பதிவேட்டுக் கட்டத்துக்குள்ள அடக்கின கை. அதுக்கு ஒரு வெங்காயம் அடங்கலேன்னா எப்படி, மேடம்?

— மேடம்னு சொல்லாதீங்க.

— ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தானே கூப்பிட்டாங்க.

— அவங்க கூப்பிட்டா அது மரியாதை. நீங்க கூப்பிட்டா குத்தறாப்பல இருக்கு.

— சரி சரி. உப்பை எடு.

— எங்கே இருக்கு?

— கேளு இந்தக் கூத்தை. இருபத்தாறு வருஷமா ஒரே இடத்துலதான் இருக்கு. அடுப்புக்கு இடது கைப்பக்கம், பீங்கான் ஜாடி.

— இது என் வீடுதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. ஒரு டம்ளரை எடுத்து வெச்சாக்கூட 'அதை ஏன் அங்கே வெச்சே'ன்னு பின்னாடியே வரீங்க. எங்கே உக்கார்றதுன்னு தெரியாம பன்னெண்டு நாளா கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டிருக்கேன்.

— ரிட்டயர் ஆனா முதல்ல அப்படித்தான் இருக்கும். மில்லை மூடினப்ப நான் ஆறு மாசம் நடந்தேன். சங்கு ஊதற நேரத்துக்குக் கால் தானாச் செருப்பைத் தேடும். இப்ப நீ ரிட்டயர் ஆன மறுநாள் என்ன பண்ணினேன் நான்? பழக்க தோஷத்துல நாலரைக்கு எழுந்து உனக்கு டப்பாவைக் கட்டி வெச்சுட்டேன். உள்ளே வந்து பார்த்தா நீ தூங்கிக்கிட்டிருக்கே. போறதுக்கு ஆபீஸ் இல்ல.

— அதைத்தானே அன்னைக்கு மத்தியானம் கூடத்துல உக்காந்து ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.

— ஆமா. டப்பாவுலேருந்தே.

— நீங்களாவது ஆறு மாசத்துல ஒரு அடுப்பைக் கண்டுபிடிச்சீங்க. எனக்கு என்ன இருக்கு? மூணாம் நாள் ஆசையாக் கஞ்சி வெச்சேன். ஒரு வாய் வெச்சுட்டு எழுந்து போய் உப்பை எடுத்துக்கிட்டு வந்தீங்க.

— உப்பு இல்லேன்னா வேற என்னத்தை எடுத்துக்கிட்டு வரது?

— பேசாமக் குடிச்சிருக்கலாம். முந்தாநாள் உங்களோட சந்தைக்கு வந்தேனே, காய்க்கார அம்மா என்னைப் பார்த்து 'யாருண்ணே இவங்க, ஊர்லேருந்து விருந்தா'ன்னு கேட்டாங்க. நீங்க சிரிச்சீங்க.

— நான் சிரிக்கல. 'எங்க வீட்டு ஆபீசர்'னு சொன்னேன். எண்ணெய் காய்ஞ்சாச்சு, வெங்காயத்தைப் போடு. உப்பும் இப்பவே. மூணு விரல்ல வர்ற அளவு. முதல்லயே உப்பு விழுந்தா தன் தண்ணியிலயே வதங்கும்.

— கத்தரிக்காய்?

— அது இப்போதைக்குத் தண்ணிக்குள்ளயே கிடக்கட்டும். வெளியே எடுத்து வெச்சா கறுத்துப் போகும். ஆமா, தெரியாமத்தான் கேக்கறேன், எத்தனையோ இருக்க இந்தக் கத்தரிக்காயைத்தான் கத்துக்கணும்னு ஏன் ஒத்தக் கால்ல நிக்கறே?

— ஞாயித்துக்கிழமை ஆபீஸ்லேருந்து வராங்க. சூப்பிரண்டு சார், டைப்பிஸ்ட் பொண்ணு, அப்புறம் சீல் அண்ணன்.

— அந்தச் சீல் குத்தற அண்ணனா? கல்யாணச் சான்றிதழ் கேக்க வந்தவனுக்கு இறப்புச் சான்றிதழைக் குத்திக் கொடுத்தாரே, அவரா?

— அது அவர் தப்பில்ல. வரிசை மாறி நின்னவன் தப்பு.

— வரட்டுமே. நேத்தே சொல்லியிருந்தா நல்ல காயாப் பொறுக்கி வாங்கியிருப்பேன். இருபத்தாறு வருஷமா இவங்க கதையெல்லாம் கேட்டிருக்கேன், ஒருத்தர் முகத்தையும் நேர்ல பார்த்ததில்ல. நீ அவங்களோட உக்காந்து பேசிக்கிட்டிரு. சமையலை நான் பார்த்துக்கறேன். அஞ்சு பேர் சமையல் எனக்கு ஒரு விஷயமா?

— இல்லைங்க. நான்தான் சமைக்கணும்.

— விருந்தாளி வாயிலயா பழகப்போறே?

— நான் சமைச்சதா இருக்கணும்.

— ஓ.

— என்ன ஓ?

— ஒண்ணுமில்ல. கிளறு. ஓரத்துல பிடிக்குது பாரு.

— மனசுல இருக்கறதைச் சொல்லுங்க.

— அந்த டைப்பிஸ்ட் பொண்ணு வழியனுப்பு விழாவை வீடியோ எடுத்து உன் போனுக்கு அனுப்பியிருந்துதுல்ல. மறுநாள் நீ குளிக்கப் போயிருந்தப்ப பார்த்தேன்.

— பார்த்தீங்களா?

— பாதி. சூப்பிரண்டு எழுந்து பேசினார். 'மேடம் எழுதின பதிவேட்டுல ஒரு தப்புப் பதிவு கிடையாது, யாராவது பொய்ச் சாவைப் பதிய வந்தா மூஞ்சியைப் பார்த்தே பிடிச்சுடுவாங்க'ன்னார். எனக்குப் பெருமையாத்தான் இருந்துது. அப்புறம் சாப்பாட்டுக்கு வந்தார். 'விடியக்காலையில எழுந்து தன் கையால சமைச்சு எங்களுக்கும் சேர்த்துக் கொண்டு வருவாங்க, அந்தக் கத்தரிக்காய்க்கு இனிமே எங்கே போறது'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சே.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, நீ குழாயை மூடற சத்தம் கேட்டுது. நிறுத்திட்டேன்.

— அதுக்கு மேல பாக்கலையே?

— அதுக்கு மேல என்ன இருக்கு?

— ஒண்ணுமில்ல. பூங்கொத்து, போட்டோ, அவ்வளவுதான்.

— காயைப் பிழிஞ்சு போடு. கேளு. ஆறு அம்பது ரயிலுக்கு நாலரைக்கு எழுந்தேன். காய்ச்சல்லயும் எழுந்தேன். ஒருநாள் நீ டப்பா பத்தலேன்னே, பெரிசா வாங்கிக்கிட்டு வந்தேன். பாவம், ரயில்ல போய்ட்டு வரவளுக்குப் பசிக்குதாக்கும்னு நினைச்சேன். நமக்குப் பிள்ளையா குட்டியா, எனக்குன்னு இருந்தது அந்த டப்பா ஒண்ணுதான். சாயந்தரம் நீ செருப்பைக் கழட்டறதுக்குள்ள அதைத் திறந்து பார்ப்பேன். வழிச்சு வெச்சிருந்தா அன்னைக்கு நான் வேலை பார்த்தேன்னு அர்த்தம்.

— எனக்கு அது பரீட்சை. ஒரு துண்டு மிச்சம் இருந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்க. அந்தப் பயத்துலதான் பக்கத்து மேஜைக்குக் கொடுக்கவே ஆரம்பிச்சேன்.

— கொடுத்தது சரி. பேரை ஏன் மாத்திக் கொடுத்தே?

— பழைய ஆபீஸ் ஞாபகம் இருக்கா, நம்ம தெருக்கோடியில இருந்ததே? மில்லை மூடினது அங்கே எல்லாருக்கும் தெரியும். நான் டப்பாவைத் திறந்ததும் ஒருத்தன் கேப்பான், 'இன்னைக்கு உங்க வீட்டம்மா என்ன கட்டிக் கொடுத்தாங்க'ன்னு. வீட்டம்மான்னு உங்களைத்தான். சிரிப்பு மேஜை மேஜையாப் போகும். கடைசியில என் மேஜைக்கு வந்து நிக்கும், நானும் சிரிக்கணும். மாத்தல் வாங்கினது அதனாலதான்.

— அவங்களா மாத்திட்டாங்கன்னு சொன்னே.

— நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

— ம். தட்டைப் போட்டு மூடு. உள்ளே தண்ணி விடாதே. மூடின தட்டு மேல ஊத்து.

— மேலயா?

— மேலதான். அந்தக் குளிர்ச்சிக்கு உள்ளே ஏறின ஆவி திரும்பச் சொட்டும். காய் தன் ஈரத்துலயே வேகும், வெளியே ஒரு சத்தம் வராது. தீயைக் குறை.

— குறைச்சுட்டேன்.

— சரி, ஒரு ஏற்பாடு சொல்றேன். ஞாயித்துக்கிழமை காலையில நானே எல்லாத்தையும் முடிச்சுடறேன். அவங்க வரப்ப சட்டையை மாத்திக்கிட்டுக் கூடத்துல உக்காந்திருப்பேன். நீ பரிமாறு. யாராவது கேட்டா, 'எல்லாம் அவ கைதான், எனக்கு வெந்நீர்கூட வெக்கத் தெரியாது'ன்னு சொல்றேன். போதுமா?

— வேண்டாங்க.

— இதுக்கு மேல எங்கே இறங்கறது? கீழே தரைதான் இருக்கு.

— நீங்க உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன். சனிக்கிழமை போனா திங்கக்கிழமை வந்துடலாம்.

— அக்கா நல்லாத்தானே இருக்கா.

— சும்மா பார்த்துட்டு வரது.

— அதுக்குத்தான் காலையில என் சட்டையெல்லாம் கொடியிலேருந்து எடுத்து பீரோ அடியில வெச்சியா?

— மடிச்சு வெச்சேன்.

— கூடத்துல நாம ரெண்டு பேரும் நிக்கற போட்டோ?

— தூசி தட்டக் கழட்டினேன்.

— கண்ணாடிகிட்ட இருந்த என் ஷேவிங் பிரஷ்ல என்ன தூசி?

— விடுங்களேன்.

— கேக்கறேன்ல. அன்னைக்கு நான் இங்கே இருந்தா என்ன ஆகும்?

— நீங்க இருக்கக் கூடாதுங்க.

— வீட்லயா?

— எங்கேயுமே. அந்த ஆபீஸ்ல சேர்ந்த முதல் நாள். பக்கத்து மேஜை அம்மா, வீட்டுக்காரர் என்ன பண்றார்னு கேட்டாங்க. மில்லை மூடிட்டாங்கன்னு சொல்லணும். வீட்ல இருக்கார்னு சொல்லணும். அப்ப டப்பா யார் கட்டினாங்கன்னு வரும். திரும்ப முதல்லேருந்து எல்லாம் வரும். வாயில வந்ததைச் சொல்லிட்டேன். செத்துட்டார்னு.

— ம்.

— அன்னைக்குப் பேச்சு அன்னைக்கே போயிடும்னு நினைச்சேன். அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஜன்னலோரம் இருந்த தன் மேஜையை எனக்குக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் யாரும் எதுவும் கேக்கல. இருபத்தாறு வருஷத்துல ஒருத்தர் சிரிக்கல. அந்த அமைதியை விட்டுட்டு வர எனக்கு மனசு வரல.

— பென்ஷன் பேப்பர்ல நாம ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ இருக்கே?

— அதைக் கவர்ல போட்டு ஒட்டி நானே தலைமை ஆபீசுக்கு அனுப்பிட்டேன். இங்கே யாரும் பார்க்கல.

— விழாவுக்கு வீட்டு ஆளுங்களைக் கூப்பிடலேன்னு சொன்னது?

— எல்லார் வீட்லேருந்தும் வந்திருந்தாங்க.

— சட்டையை இஸ்திரி போட்டு வெச்சிருந்தேன்.

— தெரியும். நாற்காலியில தொங்கினதைப் பார்த்துட்டுத்தான் போனேன்.

— எப்படி?

— எது எப்படி?

— எப்படிச் செத்தேன்?

— மில்லுல. மெஷின்ல மாட்டிக்கிட்டுன்னு சொன்னேன்.

— எந்த மெஷின்ல?

— அதெல்லாம் யார் கேட்டாங்க?

— நான் கேக்கறேன். பதினேழு வருஷம் அந்த மெஷின் ஒவ்வொண்ணையும் பிரிச்சுத் துடைச்சு மாட்டினவன் நான். நான் பிட்டரா இருந்த வரைக்கும் அங்கே ஒருத்தனுக்கு நகம் பேந்ததில்ல. காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம். நெஞ்சுவலின்னு சொல்லியிருக்கலாம். என் மெஷினையா சொன்னே?

— தப்புதாங்க.

— தட்டை எடு. மெதுவா, மேல தண்ணி இருக்கு. வெந்துடுச்சா பாரு.

— வெந்துடுச்சு. ஏங்க, திட்டுங்க. கையில இருக்கறதைத் தூக்கிப் போட்டு உடைங்க. இத்தனை வருஷம் உள்ளே வெச்சிருந்ததை இப்பத்தான் உங்ககிட்ட சொல்றேன், நீங்க பாட்டுக்குக் காய் வெந்துடுச்சான்னு கேக்கறீங்களே.

— எப்படிச் செத்தேங்கறது ஒண்ணுதான் எனக்குத் தெரியாம இருந்துது. குழாய்ச் சத்தம் கேட்டு நிறுத்திட்டேன்னு சொன்னது பொய். 'புருஷனைப் பறிகொடுத்துட்டு ஒத்தையா நின்னு ஜெயிச்சவங்க'ன்னு சூப்பிரண்டு சொன்னதும் எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க, நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே. அதை முழுசாப் பார்த்து முடிச்சுட்டுத்தான் அன்னைக்கு மத்தியானம் டப்பாவைத் திறந்து உனக்குச் சோறு போட்டேன்.