பானட்டில் கை வைத்த குற்றம்

காருக்குக் குளிரும் என்று தெரிந்த எங்கள் சைட் இன்ஜினியருக்கு, மனிதனுக்கும் குளிரும் என்பது தெரியவில்லை.

வளைகுடா நாட்டில், ஜுபைல் தொழிலாளர் கேம்ப் வாசலில், ஜனவரி விடியலில், பஸ்ஸுக்காக நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பைப் ஃபிட்டர்கள் பேசிக்கொண்டது இது. எதிரே இன்ஜினியரின் கார் ஆளில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. அவர் ரூமில் இருந்தபடியே ரிமோட்டை அமுக்கியிருந்தார்.

"பார்றா மாப்ள, தொரை இன்னும் பல்லே வெளக்கல. அதுக்குள்ள காரு குளிர் காயுது."

"கிட்டப் போவாதண்ணே. நேத்து அந்த பானட்ல கை வச்சதுக்குத்தான் எனக்கு வார்னிங் லெட்டர்."

"என்னன்னு எழுதியிருக்கான்?"

"கம்பெனி வண்டியச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தினேனாம்."

"அடப்பாவி! எவ்ளோ தூரம் ஓட்டுன?"

"சிரிக்காதண்ணே. வெரல் வெறச்சு ஸ்பேனர் புடிக்க முடியல, ரெண்டு நிமிசம் வச்சேன். இன்னொரு லெட்டர் வந்தா ஊருக்கு ஏத்திருவாங்க."

"ஜாக்கெட் கேக்க வேண்டியதுதான?"

"இன்ஜினியர்ட்டயே கேட்டேன். 'ஜாக்கெட் மாஃபி, கெடையாது. இது பாலைவனம், இங்க என்ன குளிரு'ன்னுட்டாரு."

குளிரே இல்லாத ஊரில் தினமும் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே காரைச் சூடாக்குவது ஏன்? நாளைக் காலை வேலை தொடங்குமுன் நடக்கும் மீட்டிங்கில், தான் எழுதிய அந்த லெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் இன்ஜினியர் பதில் சொல்ல வேண்டும்.