காட்டோரம் கொட்டுன உப்பு

அய்யோ, மொதல்ல ஜீப்ப ஆஃப் பண்ணுங்க ஃபாரஸ்டர் சார். பத்து நிமிசம் எம்பேச்சக் கேட்டுட்டுப் போங்க. நான் பாஞ்சாலை, இதோ இந்த உப்பளத்துலதான் பதினெட்டு வருசமா உப்பு வார்றேன். பின்னாடி உக்கார வெச்சிருக்கீங்களே ராஜவேலு, அவரு மூணு மானுக்கு வெஷம் வெச்சாருன்னு எந்தப் புண்ணியவான் சொன்னது?

சொன்னாருதான், இல்லங்கல. வெஷம் வெச்சிடுவேன்னு டீக்கடையில கத்துனாரு, நானும் கேட்டேன். ஆனா அது தை மாசம் சார். அவரு கொல்லையில மல்லாட்டைச் செடி, அதான் வேர்க்கடலை, கொழுந்தா இருந்துச்சு, மானுங்க கும்பலா வந்து அரைக் காணிய மொட்டையடிச்சிட்டுப் போயிடுச்சுங்க. யாருக்குத்தான் வயிறு எரியாது? இப்ப வைகாசி. மல்லாட்டை புடுங்கி மாசம் ஒண்ணாவுது. அவரு கொல்லையில ஒரு பச்சை கெடையாது. அங்க மான் எதுக்குங்க போவும்?

மழைக்காலத்துல அது காட்ட வுட்டே வெளிய வராது, புல்லு அங்கயே கெடக்குது. தையில கொழுந்துக்கு வரும். வெய்யில் ஏறிச்சின்னா வேலிக்காத்தான் முள்ளுமரத்துக் காயைப் பொறுக்கித் தின்னும், அப்புறம் அதுக்கு நாக்கு உப்பு கேக்கும். நேரா இங்க உப்புப் பாத்திக்கு வந்துடும். எனக்கு எப்படித் தெரியுமா? கண்ணால பாக்கறேனே சார். ஆபீசுல உக்காந்துக்கினு இருந்தா இதெல்லாம்... கோச்சிக்காதீங்க. வாய் நிக்க மாட்டேங்குது, நேத்துலேந்து சோறும் எறங்கல.

போன வருசம் இங்க நக்க வந்த சினை மான நாய்ங்க கொதறிடுச்சுங்க. என் கண்ணு முன்னாடி. தாங்க முடியல சார். அதுலேந்து, அதுங்க இவ்ளோ தூரம் வர வேணாம்னு, வாரத்துக்கு ஒரு கூடை உப்பு அள்ளிக்கினு போய் காட்டோரம் கொட்டிட்டு வருவேன். ஆமா, நாந்தான். தப்புன்னா தப்புதான்.

உப்பு தின்னா சாவுமான்னுதானே கேக்கறீங்க? சாவாது. காலி யூரியா சாக்குலதான் வூட்ல உப்பு கட்டி வெப்பேன். பக்கத்துலயே எங்க வூட்டுக்காரரு வாங்கி வெச்ச யூரியா மூட்டை. சாக்கும் ஒண்ணு, உள்ள இருக்கறதும் வெள்ளை. கடக்காத்து பட்டு ரெண்டும் கட்டி தட்டிப் போயிருந்துச்சு. முந்தாநாள் அவசரமா அள்ளுனேன். உப்பு அறுத்த புண்ணுன்னு கையில பிளாஸ்டிக் கவர் சுத்தியிருந்தேன். வெறுங்கையா இருந்திருந்தா தொட்டதுமே எது உப்புன்னு சொல்லியிருப்பேன் சார்.

நேத்து காலைல காட்டோரம் மூணு மானு செத்துக் கெடக்குதுன்னாங்க. வூட்டுக்கு ஓடிப்போய்ப் பாத்தா, புதுசா கட்டுன உப்பு மூட்டை கட்டு அவுக்காம அப்படியே நிக்குது. வாய் தொறந்து கெடந்தது யூரியா மூட்டைதான், அதத் தின்னா மாடே செத்துடும் சார்.

அவர எறக்கி வுடுங்க சார். அந்தக் கதவக் கொஞ்சம் தொறங்க, நான் ஏறிக்கறேன்.