சமாதிக்குப் போய்வந்து முழுகியவர்

லவால் போகும் மெட்ரோவில், விமானச் சீட்டு ஒட்டிய பெட்டியோடு எதிரே இருந்தவர் மனைவியிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

"துருக்கியிலை அந்த நாட்டை உருவாக்கின மனுசன்ரை சமாதியைப் பாத்திட்டு வந்து, ஹோட்டல்லை தலை முழுகச் சொன்ன ஆள் நீர் ஒராள்தான். அந்தாள் செத்து எத்தினை வருசம்! நான் முழுகி முடிய பஸ்சும் போயிட்டுது."

"சமாதியெண்டால் முழுகத்தானே வேணும்."

"அது சுற்றுலா இடமப்பா!"

"சுற்றுலா இடத்திலை ஏன் விக்கி விக்கி அழுதனீங்கள்?"

அவர் குனிந்து பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை உரிக்கத் தொடங்கினார்.

"உங்கடை அப்பா செத்தநேரம் வதிவிடப் பேப்பர் இல்லாமல் ஊருக்குப் போகேலாமல் போச்சு. அண்டைக்கும் வேலைக்குத்தான் போனனீங்கள். அழவுமில்லை, முழுகவுமில்லை."

"அதை அங்கையே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் முழுகியிருப்பியளே?"