வள்ளியம்மாவோட ஆட்டு வழக்கு

இரு தம்பி, உக்காரு லா. கட்டுப் போட்ட காலோட எங்க கிளம்பிட்டே? கேஸ் கூப்பிடுறப்ப நீ இல்லேன்னா, உன் கால்ல மாட்டுவண்டிய ஏத்தின பக்கிரிசாமி சிரிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போவான்.

என்ன? நம்ம பேச்சு தீர்ப்பு சொல்ற வெள்ளக்காரத் தொரைக்கு எங்க புரியப்போவுதுங்கிறியா? அட, எங்க தோட்டத்து வள்ளியம்மாவும் இதையேதான் சொன்னா. தங்கமணி அக்கா சொல்றேன், கேளு.

அவ கெடா ஆட்ட அதே தோட்டத்துத் தம்புசாமி புடிச்சுக் கட்டிக்கிட்டான்னு இதே கிள்ளான் கோர்ட்டுக்குத்தான் வந்தா. நம்ம பேச்சை இங்கிலீஷ்ல மாத்திச் சொல்ற துபாசி கந்தையா இருக்காரே, கஞ்சி போட்ட கோட்டு, யாழ்ப்பாணத்தாரு, அவரு என்ன நடந்துச்சுன்னு கேட்டாரு. அவ்ளோதான்! ஆடு பொறந்த கதையிலேர்ந்து ஆரம்பிச்சா, மூச்சே விடல. கந்தையா திரும்பி தொரைகிட்ட இங்கிலீஷ்ல ஏதோ சொன்னாரு. ஒரு தும்மல் போடுற நேரந்தான்.

வள்ளியம்மா விடுவாளா? ஏங்கய்யா, தொண்டத்தண்ணி வத்தப் பேசினேனே, மிச்சத்தை எங்க வச்சிருக்கீங்கன்னுட்டா. கோர்ட்டே கொல்லுன்னு சிரிச்சுது. என்ன சிரிப்புன்னு தொரை கேக்குறாரு. பாவம் கந்தையா, தன்னைக் கேட்டதையும் தானே இங்கிலீஷ்ல சொல்லணும்! மனுசன் யோக்கியரு, சொல்லிட்டாரு. காது மட்டும் செவந்து போச்சு.

இனிமே ஒரு வார்த்தை விடக்கூடாதுன்னுட்டாரு தொரை. அப்புறம் பாக்கணுமே! ஆட்டுக்குக் கழிச்சல் கண்டதுக்கெல்லாம் இங்கிலீஷ் தேடி கந்தையாவுக்கு வேர்த்து ஊத்துது. தொரை அத்தனையும் எழுதிக்கிட்டாரு.

செயிச்சாளாவா? எங்க! தம்புசாமி பேச்சையும் கேட்டுட்டு, ஆட்ட உள்ள கொண்டாரச் சொன்னாரு. அது நேரா ஓடிப்போய் தம்புசாமி வேட்டிய மெல்லுது. ஆடு அவனோடதுதான்னு தீர்ப்பு. இவ வெளிய வந்து அழுதா. அழுதுக்கிட்டே, தோத்தாலும் நான் சொன்னது முழுக்க அந்த மனுசன் காதுல ஏறுச்சு அக்கான்னா.

மறுவாரம் மேரு காட்டுப் பக்கமிருந்து அவ கெடா தானா வந்து நிக்குது, கூடவே ஒரு பொட்ட ஆட்டையும் கூட்டிக்கிட்டு! தம்புசாமி மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டு குழாயடிக்குச் சுத்திப் போறா இன்னிக்கும்.

உனக்கு சாட்சி இல்லையா? யாரு சொன்னா? பக்கிரிசாமி கொண்டாந்த சாட்சியே நான்தான் லா. காலையில கோப்பியும் ரொட்டியும் வாங்கிக் குடுத்து, நீயா வந்து வண்டியில விழுந்தேன்னு சொல்லச் சொன்னான். ரொட்டி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு சந்தைப் பாசார்ல நின்னு நான் பாத்தது வேற. அதைச் சொல்லத்தான் வந்தேன். நீ எந்திரிச்சுப் போயிட்டா என்னை யாரு உள்ள கூப்பிடுவா?